அம்மா சொன்ன ‘ஏமீ லேது’

எங்கள் அம்மா தெருவில் தமிழ் பேசுவாள், அடுப்படியில் தெலுங்கு பேசுவாள். வலி வந்தால் மட்டும் இரண்டே வார்த்தைதான்: “ஏமீ லேது.” ஒன்றுமில்லை என்று அர்த்தம். தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதுதான். “என்னம்மா ஆச்சு?” என்றால் “ஏமீ லேதுரா, நீ போய்ச் சாப்பிடு.”

திருத்தணிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நகரி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். 1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் நாங்களே ஆந்திராவின் சித்தூர் மாவட்டம்தான். ம.பொ.சி. போன்றவர்கள் போராடித்தான் ஊர் இந்தப் பக்கம் வந்தது. ஊர் வந்தாலும் பாட்டி வழியில் வந்த மொழி அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் வீட்டில் இந்த இரண்டு வார்த்தை என்னவெல்லாம் செய்யும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். நான்கு வருஷமாக அம்மாவோடு சென்னைக்குப் போய் வந்ததில் கற்றதையும் கோட்டை விட்டதையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

மாத்திரைதானே!

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னால், மலைப்படியில் பாதி ஏறியதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கில் 365 படி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அறுபத்திரண்டு வயதுவரை ஒரே மூச்சில் ஏறியவள். சில மாதமாகவே இரண்டு தோசை சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்பாள், இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்பாள். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரியில் ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்க்கும். அதற்கு மின்விசிறியைக் குறை சொன்னோம்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே லேப்பிலிருந்து போன். “மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன் சார், இன்னொரு தடவ அம்மாவக் கூட்டிட்டு வாங்க.” மெஷினில் கோளாறு இல்லை. வெள்ளையணு 11,000-க்குள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்தது. இடது பக்கத்துக் கனம் வீங்கிப்போன மண்ணீரல்.

சென்னையில் பார்த்த டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். ஆங்கில எழுத்தில் சுருக்கி சி.எம்.எல். என்கிறார்கள். நான் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: “கீமோவா மேடம்?” அவர் சிரித்தார். “இல்ல. டார்கெட்டட் தெரபி. முடி கொட்டாது, படுக்க வேணாம். தினமும் ஒரு மாத்திரை.”

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. ரயிலில் அரக்கோணம் தாண்டும்போது என்னிடம் சொன்னாள்: “மாத்திரதானேடா. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்.” அந்த ‘மாத்திரைதானே’வில்தான் எங்கள் பிரச்சினை ஆரம்பித்தது.

ஸ்விட்ச் சிக்கிய தறி

அப்பா பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். அவருக்குப் புரியும்படி சொல்லத்தான் நானே இதைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

நம் செல்லுக்குள் 23 ஜோடி குரோமோசோம். அதில் 9-ஆவதன் ஒரு துண்டும் 22-ஆவதன் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற புது மரபணு உண்டாகிறது. அது செய்கிற புரதம், ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொண்ட தறி ஸ்விட்ச் மாதிரி. நூல் இருக்கிறதா, சரக்கு வேண்டுமா என்று பார்க்காமல் வெள்ளையணுவை நெய்து தள்ளிக்கொண்டே இருக்கும். இமாட்டினிப் என்ற மருந்து நேரே போய் அந்த ஸ்விட்சில் உட்கார்ந்து அதை அணைக்கிறது. பழைய கீமோ என்றால் தறிக்கூடத்துக்கே மின்சாரத்தை வெட்டுவது. இது ஒரு தறியை மட்டும் நிறுத்துவது. இலக்கு சிகிச்சை என்பது இதைத்தான்.

அந்தச் சிறுத்துப்போன 22-ஆவது குரோமோசோமை ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டுபிடித்து அறிவித்தது 1960-இல். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம். அது இடம் மாறிய துண்டு என்று ஜேனட் ரௌலி காட்டியது 1973-இல். மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001 மே மாதம். நாற்பத்தோரு வருஷத்து உழைப்பு, ஒரு மாத்திரைக்குள். பலன் சாதாரணமானதல்ல. முதல் பெரிய ஆய்வில் இந்த மருந்தைத் தொடங்கியவர்களில் 83 சதவீதத்தினர் பத்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

சரி, ஒரே தறியை நிறுத்துகிற மருந்துக்குப் பக்க விளைவு எதற்கு? கூடத்தில் அதே மாதிரி ஸ்விட்ச் வைத்த வேறு சில தறிகளும் இருக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்லில் ஒன்று, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒன்று. மருந்து அவற்றிலும் கொஞ்சம் கை வைத்துவிடுகிறது.

நல்ல செய்தி வேஷத்தில் வந்தவை

எங்களை ஏமாற்றியது பக்க விளைவின் தோற்றம். பக்க விளைவு என்றால் வாந்தி, மயக்கம், முடி கொட்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வந்தவை மூன்றும் வேறு வேஷத்தில் வந்தன.

முதலில் கண். காலையில் எழுந்தால் இமையும் கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். கோலம் போடும்போது எதிர் வீட்டு அக்கா கேட்பாள்: “என்னக்கா, ராத்திரியெல்லாம் அழுதீங்களா?” அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கோலத்தை இருட்டோடு இருட்டாக நாலரை மணிக்கே போட ஆரம்பித்தாள். இமாட்டினிப் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணமாக வருகிற வீக்கம் அது, அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அடுத்தது எடை. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ. “உடம்பு தேறிடுச்சு” என்று எல்லோருக்கும் சந்தோஷம். தேறியது கொஞ்சம்தான், மீதி தண்ணீர். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். ஒருநாள் கொலுசு தடம் பதிந்திருந்ததைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது நிறம். அம்மா வெளுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டார்கள். அம்மாவும் பெருமையோடு சிரித்தாள். நிறம் தரும் செல்லில் மருந்து கை வைத்ததன் அடையாளம் அது. தீங்கில்லை. ஆனால் தோல் வெயிலைத் தாங்காது, குடை இல்லாமல் மதியம் வெளியே போகக்கூடாது.

இவை போகக் கெண்டைக்கால் பிடிப்பு. நடு ராத்திரியில் எழுந்து பழைய புடவைக் கிழிசலால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். இது எனக்குத் தெரிய வந்தது ஐந்து மாதம் கழித்து, அதுவும் அப்பா வாய் தவறிச் சொன்னதால்.

ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா கேட்பார்: “வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?” அம்மா சொல்வாள்: “ஏமீ லேதம்மா.” அவர் பதில் புரிந்து எழுதிக்கொள்வார். நானும் பக்கத்தில் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

பூஜை அறையில் பதினேழு மாத்திரை

இந்த நோயில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தப் புது மரபணு ரத்தத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாவது மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாவது மாதம் 1 சதவீதத்துக்குள், ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது.

மூன்றாவது மாதம் அம்மாவுக்கு 8. மகிழ்ச்சி. ஆறாவது மாதம் 6.5. டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மாத்திரை விடாம சாப்பிடுறீங்களா?”

“தினம் சாப்பிடுறேம்மா.”

“ஒருநாள்கூட விடலியா?”

“ஏமீ லேது.”

மருந்துக்கு நோய் பழகிவிட்டதோ, வேறு மருந்துக்கு மாற்றவேண்டுமோ என்று இன்னொரு பரிசோதனைக்கு எழுதினார். அது விலை அதிகம். வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பூஜை அறையில் விளக்குத் திரி தேடும்போது, விபூதி மரவைக்குப் பின்னால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே மாத்திரை. அட்டையிலிருந்து பிய்க்கும்போது உடையாமல் பத்திரமாக எடுத்துத் துளசி இலையோடு போட்டு வைத்திருந்தாள். தரையில் கொட்டி எண்ணினேன். பதினேழு.

கணக்கு எழுதுகிறவனுக்குக் கணக்குத் தானாக வரும். கடைசியாக மருந்து வாங்கி 91 நாள். அதில் 13 செவ்வாய்க்கிழமை, 4 கிருத்திகை. பதினேழு நாளும் விரதம்.

அம்மா கண்ணில் நீரோடு சொன்னது இது. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போடவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியாக மருந்து வாங்குவதற்கு முந்தின செவ்வாயன்று விரதத்தோடு வெறும் வயிற்றில் போட்டாள், பூஜை அறையிலேயே வாந்தி எடுத்தாள். சாமி முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அடுத்த வாரத்திலிருந்து விரத நாளில் மாத்திரையை நிறுத்தினாள். எறிய மனசு வரவில்லை. “இவ்ளோ வெல மாத்திர. சாமிகிட்டயே வெச்சிட்டேன். அவரு பாத்துப்பாருன்னு.”

91 நாளில் 17 நாள் விட்டால் கைக்கு வந்தது 81 சதவீதம். பரீட்சையில் என்றால் முதல் வகுப்பு. இங்கே அப்படியில்லை. லண்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இமாட்டினிப் சாப்பிடும் 87 பேரின் மருந்து டப்பா மூடிக்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லை வைத்து, எந்த நாள் திறந்தார்கள் என்று பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஆறு வருஷத்தில் நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு சுமார் 94 சதவீதம். 90-க்குக் கீழே போனவர்களுக்கு 28. 80-க்குக் கீழே போனவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி அடங்கவில்லை.

திருத்தணி மொழியில் சொன்னால், வருஷத்துக்கு 365 படியில் எழுபது படியைத் தாண்டிக் குதிக்கிறேன் என்றால் சந்நிதி வராது.

காவடியும் மாத்திரையும்

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அம்மா மேல் கோபமாக இருந்தது, அந்தக் கோபம் எனக்கே பிடிக்கவில்லை. ஏனென்றால் அம்மா செய்தது இந்த ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான்.

ஆடியில் எங்கள் தெருவில் நின்று பாருங்கள். கால் கொப்புளம் உடைந்தாலும் காவடியை இறக்கமாட்டார்கள். தோளில் ரத்தம் கசிந்தாலும் “வலிக்குதா?” என்று கேட்டால் “அரோகரா” என்பார்கள். பொறுப்பது இங்கே பெருமை, வலியைச் சொல்வது குறை. அம்மா மாத்திரையையும் ஒரு காவடி மாதிரித் தூக்கிக்கொண்டிருந்தாள். கண் வீக்கம், கால் பிடிப்பு, எல்லாம் நேர்த்தியின் ஒரு பகுதி. புகார் சொன்னால் நேர்த்தி குறைந்துவிடும்.

இந்த வைத்தியம் அதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்கிறது. தாங்குவதைக் கேட்கவில்லை, சொல்வதைக் கேட்கிறது. பக்க விளைவைச் சொன்னால் டாக்டரால் பெரும்பாலும் ஏதாவது செய்ய முடியும்: நேரத்தை மாற்றலாம், உப்பைக் குறைக்கச் சொல்லலாம், நீர் பிரிய மருந்து தரலாம், சில நாள் நிறுத்தி அளவைக் குறைத்துத் தொடங்கலாம், வேறு மருந்துக்கே மாறலாம். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? தாங்க முடியாத ஒருநாள் நோயாளி தானாகவே மாத்திரையை விடுவார். எங்கள் வீட்டில் நான் கண்டது இதுதான்: பக்க விளைவைவிட, அதை மறைப்பதால் விட்டுப்போகும் மாத்திரைதான் அதிகக் கெடுதல் செய்தது.

அடுத்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. “விரதத்த விடச் சொல்லலம்மா. ராத்திரி பலகாரம் சாப்பிடுவீங்கல்ல?” என்றார்.

“நாலு இட்லி சாப்பிடுவேன்.”

“அப்ப எல்லா நாளுமே மாத்திரைய ராத்திரிக்கு மாத்திக்குவோம். இட்லி சாப்பிட்டு, பெரிய டம்ளர் நெறையத் தண்ணியோட. போட்டதும் படுக்கக்கூடாது, ரெண்டு மணி நேரம் கழிச்சுதான். சரியா? முருகரும் கோச்சிக்க மாட்டாரு, நானும் கோச்சிக்க மாட்டேன்.”

இவ்வளவுதான் தீர்வு. இதைக் கேட்க ஆறு மாதமும் 17 மாத்திரையும் ஆனது.

பொட்டலத்தில் வந்த மருந்து

இன்னொரு சம்பவம். இருமலோடு காய்ச்சல் வந்தபோது அம்மா தெருமுனைக் கடையில் மருந்து வாங்கிவிட்டாள். அட்டையை வெட்டி, பெயரில்லாத மூன்று துண்டைத் தாளில் மடித்து, “மூணு வேளை” என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்ன மருந்து என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் ஒன்று இமாட்டினிப்போடு சேரக்கூடாத ஆன்டிபயாடிக்.

நம் கல்லீரல் இமாட்டினிப்பை உடைத்து வெளியே அனுப்ப ஒரு நொதியை வைத்திருக்கிறது. சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும், இமாட்டினிப் ரத்தத்தில் ஏறிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், இட்ராகொனசோல் போன்ற படைநோய் மாத்திரைகள், கிரேப்ஃப்ரூட் என்ற பம்ப்ளிமாஸின் உறவுப் பழம் இந்த வகை. வேறு சில நொதியைத் தூண்டிவிடும், அப்போது இமாட்டினிப் வேலை செய்யுமுன் கரைந்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமஸபின் இந்த வகை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். தைராய்டை எடுத்துவிட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அளவை ஏற்ற வேண்டிவரலாம். காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால்கூட எவ்வளவு என்று கேட்டுவிட்டே போடவேண்டும்.

கஷாயம், லேகியம், சூரணம்? ‘இயற்கைதானே’ என்பது ‘மாத்திரைதானே’வின் தங்கச்சி. வாய்க்குள் போகிற எதுவும் டாக்டருக்குத் தெரியவேண்டும். பெயரில்லாத பொட்டல மருந்து எங்கள் வீட்டில் இனிமேல் கிடையாது.

எங்கள் வீட்டு நோட்டு

சங்கத்தில் மிஞ்சிய நீளக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டினேன். அதில் வருபவை:

தினமும் மாத்திரை போட்டதும் ஒரு டிக். மறந்து அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. போட்டபின் வாந்தி எடுத்தாலும் இன்னொன்று போடக்கூடாது.

திங்கள்தோறும் எடை, ஒரே தராசில், காலையில். திடீரென்று ஏறினால் போன்.

ரத்தப் பரிசோதனைத் தேதிகள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, இரண்டாம் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்கிறபடி. அணுக்கள் குறைவதும் கல்லீரல் சிரமப்படுவதும் வெளியே தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். மருந்து தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி கிருமிக்கும் பரிசோதித்தார்கள். உள்ளே தூங்கும் அந்தக் கிருமியை இந்த வகை மருந்து எழுப்பிவிடலாம் என்பதால்.

கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், காத்திருக்காமல் அன்றே போன் செய்யவேண்டியவை:

– 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
– மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி
– ஈறு, மூக்கில் ரத்தம், காரணமில்லாத நீலத் தடிப்பு, கறுத்த மலம்
– கண், சிறுநீர் மஞ்சளாதல்
– தோலில் கொப்புளம், உரிதல்
– தாங்க முடியாத வயிற்று வலி

மாத்திரை பூஜை அறையிலிருந்து இடம் மாறியது. பிரசாதம் இருக்கும் இடத்தில் மாத்திரை இருந்தால் பேரன் கை வைத்துவிடுவான். இப்போது அலமாரி மேல்தட்டில், வெயில் படாமல், அட்டையிலேயே. தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது மாத்திரையை உடைக்கவோ தொடவோ அவளை விடவில்லை. வயிற்றுக் குழந்தைக்கு இந்த மருந்து ஆகாது. சி.எம்.எல். இளம் பெண்களுக்கும் வருகிறது. மருந்து எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், குழந்தை வேண்டும் என்றால் முதலில் டாக்டரிடம் பேசவேண்டும். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையிலோ குளத்திலோ போடாமல் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

“அதே கேன்சர் மாத்திரைதானே?”

அத்தை முறையில் ஒருவர், தன் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று அம்மாவிடம் மாத்திரை கேட்டார். கொடுத்திருந்தாலும் பயனில்லை. தறி வேறு, ஸ்விட்ச் வேறு. பெரும்பாலான இலக்கு மருந்துகளை, அந்த இலக்கு நோயாளியின் உடம்பில் இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே கொடுப்பார்கள்.

எச்சரிக்கைகளும் மருந்துக்கு மருந்து வேறு. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி இதயத்தைத் தளர்த்தலாம், அதனால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப்பில் முகத்தில் பரு போலத் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வரும். புதிதாக மூச்சு வாங்கினால் உடனே காட்டவேண்டும். பெவாசிசுமாப் ரத்த அழுத்தத்தை ஏற்றும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லவேண்டும். அம்மாவின் நோய்க்கே உள்ள இன்னொரு மருந்தான நிலோட்டினிப்பை வெறும் வயிற்றில்தான் போடவேண்டும், இமாட்டினிப்பைச் சாப்பிட்டு. ஒரே குடும்பத்து மருந்து, நேர் எதிர் விதி. பக்கத்து வீட்டு அனுபவத்தை வைத்து நம் மருந்தைச் சாப்பிட முடியாது, என் பதிவை வைத்தும்தான்.

‘நல்லாயிட்டேன், நிறுத்திக்கிறேன்’ என்பதற்கும் முறை உண்டு. பிரான்ஸில் நடந்த ஆய்வில், குறைந்தது இரண்டு வருஷம் நோய் தடமே இல்லாமல் இருந்த 100 பேர் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். சுமார் பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது, அடிக்கடி பரிசோதித்ததால் உடனே பிடித்து மருந்தைத் தொடங்க முடிந்தது. பரிசோதனை இல்லாமல் நாமாக நிறுத்துவது இதில் சேராது.

இன்னொரு ஏப்ரல் 1

பதினேழு மாத்திரையைத் தரையில் கொட்டி எண்ணிய அன்று இன்னொன்றும் நினைத்தேன். பழைய விலையில் அது எவ்வளவு இருந்திருக்கும்?

கிளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் விற்றபோது மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்று செய்திகளில் எழுதினார்கள். ஏழைகளில் பலருக்கு அந்த நிறுவனமே இலவசமாகக் கொடுத்ததும் உண்டு. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குத் தந்தன. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் விண்ணப்பித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான், 1998-இல். 2006 ஜனவரியில் அங்கே நிராகரித்தார்கள். எதிர்த்து வாதாடியவர்களில் புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பும் இருந்தது. அப்படி நிராகரிக்க இடம் தந்த சட்டப் பிரிவையே எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. பழைய மருந்தின் புதிய படிக வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்ன நாள் 2013 ஏப்ரல் 1.

ஊர் நமக்குக் கிடைத்ததும் ஒரு ஏப்ரல் 1, இந்த மாத்திரை நம் கைக்கு எட்டும் விலையில் நிலைத்ததும் ஒரு ஏப்ரல் 1. இத்தனை பேர் வாதாடி வாங்கிக் கொடுத்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அதுவும் நியாயம்தான். அவள் சொல்லவில்லை என்று குறைப்பட்ட நான், அவளுக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் சென்னைக்குப் போனோம். அளவு 0.04. விலை அதிகமான அந்தப் பரிசோதனையில் மருந்துக்கு நோய் பழகவில்லை என்று முன்பே வந்துவிட்டது. ராத்திரி இட்லியும் நோட்டு டிக்கும் வேலை செய்திருக்கின்றன. டாக்டரம்மா தாளை மூடி வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்: “வேற ஏதாவது இருக்காம்மா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மடியில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“உந்தம்மா,” என்றாள். இருக்கிறது என்று அர்த்தம். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள்.